அண்ணன் கேட்டு வாங்கிய விமானம்

களத்தில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மாலை. வங்கதேசப் போர் முடிந்த அடுத்த ஆண்டு அது. போர் விமானியாக இருந்த என் அண்ணன் விடுப்பில் வந்திருந்தார். நானும் அண்ணியும் செடிகளைக் குவித்துப்போட்டுக் காய் பறித்துக்கொண்டிருந்தோம். பாலக்காட்டில் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்ணா, சண்டைக்கு ஒத்தை எஞ்சின் நல்லதுங்களா, ரெட்டை நல்லதுங்களா?"

போரில் அவர் ஓட்டியது இரட்டை எஞ்சின் விமானம். அதைத்தான் புகழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஒற்றைப் பருப்புக் காய் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"இதுதான் அம்மிணி. சின்னது, எடை கம்மி. சட்டுனு திரும்பும். தூரத்துல வந்தா எதிரி கண்ணுக்கே தட்டாது. ரெட்டைன்னா ஒடம்பு பெருசு, எண்ணெயும் கூட வேணும். எஞ்சின் ரெண்டும் சோதாவா இருந்தா, ரெண்டு இருந்தும் என்ன பிரயோசனம்?"

எடைக்கும் உந்துவிசைக்கும் உள்ள கணக்கைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அது ஒருவருடைய உயிரைப் பற்றிய கணக்கு என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அண்ணி மட்டும் செடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த ஒண்ணும் நின்னு போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

அண்ணன் உள்ளங்கையில் இருந்த காயை உடைத்தார். பிறகு, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். எல்லைக்கு அப்பால் தாழப் பறந்தபோது கீழிருந்து சுட்டதில் ஒரு எஞ்சின் போய்விட்டதாம். மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு, உயரம் குறையக் குறைய ஓட்டிவந்து இறக்கினாராம். வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

"அப்படி இருந்தும் ஒத்தைதான் நல்லதுங்கிறீங்களா?" என்றேன்.

"சண்டைக்கு அதுதான். ஒத்தை எஞ்சின் ஓட்டுற ஸ்குவாட்ரனுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன்."

அண்ணி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். விடுப்பு முடியும்வரை அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ரயிலேற்றிவிடப் போனபோதுதான் சொன்னார்: "சண்டைக்கு எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும். எது ஊடு வந்து சேரும்னுதானுங்க எனக்குத் தெரியோணும்."

அண்ணன் கேட்டது கிடைத்தது. பணியை விடும்வரை அதையே ஓட்டினார். இன்று எஞ்சின்கள் எவ்வளவோ தேறிவிட்டன. ஒன்றா இரண்டா என்று என் மாணவர்கள் கேட்டால், எந்த எஞ்சின், எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்கிறேன். காத்திருப்பது யார் என்பதை மட்டும் எந்தச் சமன்பாட்டில் சேர்ப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அண்ணன் பணியை விட்டு வந்தார். நானும் அண்ணியும் கோவைக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு, பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் திரும்பினோம். வாளையார் செக்போஸ்ட் தாண்டியதும் பஸ் புகைவிட்டு நின்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. எல்லோரும் முணுமுணுக்க, அண்ணிக்கு மட்டும் அடக்க முடியாத சிரிப்பு.

"இதுக்கும் ஒத்தை எஞ்சின்தானுங்க," என்று அண்ணனின் பையைத் தூக்கிக்கொண்டார். "நின்னா, எறங்கி நடந்துக்கலாம். வாங்க."