மணி அடித்தால் பேச்சு நிற்க வேண்டும்

ஸ்டெல்லா டீச்சர் ஆவடியில் காலமானார் என்ற செய்தி, அம்பத்தூரிலுள்ள எங்கள் சிறப்புப் பள்ளிக்குத் தொலைபேசியில் வந்தபோது, நான் அடுத்த வாரத்துக்கான பாடவேளை அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் அவர் பெயரும் இருந்தது. உடனே அடித்துவிட மனம் வரவில்லை.

அவருடன் பணியாற்றிய உங்களுக்கு அந்த அழைப்பு மணி நினைவிருக்கும். பாடி கடைத்தெருவில் வாங்கிய, வீட்டு வாசலில் மாட்டும் சாதாரண மணி. விரல்கள் வசப்படாத பிள்ளைகளால் அதன் சிறிய பொத்தானை அழுத்த இயலாது. எனவே அதன்மேல் ஒரு சோப்பு டப்பா மூடியைப் பொருத்தி, முழங்கையால் தட்டினாலும் ஒலிக்கும்படி செய்தார். டார்ச் பேட்டரியில் இயங்கியதால் மின்வெட்டும் அதைத் தடுக்கவில்லை. பக்கத்தில் ஓர் அட்டை. அதில் தண்ணீர், கழிப்பறை, வலி, போதும் என நான்கு படங்கள். பிள்ளை மணியடித்துவிட்டு, வேண்டிய படத்தைப் பார்க்கும்.

செலவு குறைவு, விதி கடுமையானது. "மணி அடிச்சா யார் பேச்சா இருந்தாலும் நிக்கணும் சார். நிக்கலன்னா அது வெறும் சத்தம்" என்பார். அந்த விதிப்படி, கணக்குப் பாடத்தின் நடுவே நானும் பலமுறை பாதி வாக்கியத்தில் நின்றிருக்கிறேன்.

எண்பதுகளின் இறுதியில் ஒரு நாள், மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தில் வேலை செய்துவந்த கஸ்தூரி, தன் மகள் கனகாவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட வந்தார். கனகாவுக்குப் பேச்சும் இல்லை, நடையும் இல்லை.

"பேசாத புள்ளைக்கு இஸ்கூல் இன்னாத்துக்கு டீச்சர்? தூக்கிகினு வரேன், தூக்கிகினு போறேன். இன்னா கத்துகினா? ஊட்லயே இருக்கட்டும்."

"இன்னைக்கு விழா இருக்கு. முடியிற வரைக்கும் உக்காருங்க கஸ்தூரி. அப்புறம் உங்க இஷ்டம்."

விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர், பள்ளிக்குக் கணிப்பொறி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு தொழிலதிபர். நிகழ்ச்சி நிரலில் நான் அவருக்கு ஒதுக்கியிருந்த நேரத்தை அவர் எப்போதோ கடந்திருந்தார். முன்வரிசையில் மணி ஒலித்தது. கனகாதான். கணிப்பொறி கைநழுவிவிடுமோ என்று அஞ்சிய நிர்வாகிகள், பேசாமல் இருக்கும்படி டீச்சருக்குக் கைகாட்டினார்கள். டீச்சர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம் சார். பாப்பா ஏதோ சொல்றா."

அட்டையை நீட்டினார். கனகா 'போதும்' படத்தைப் பார்த்தாள். விருந்தினரை ஒருமுறை பார்த்துவிட்டு, மீண்டும் அதே படத்தைப் பார்த்தாள்.

விருந்தினர் திகைத்தார், பிறகு சிரித்தார். "நியாயம்தாம்மா. எங்க வீட்டம்மாவும் இதைத்தான் சொல்லுவாங்க" என்று உட்கார்ந்துவிட்டார். சொன்னபடி கணிப்பொறியும் பின்னர் வந்தது.

கஸ்தூரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்தார். "எவ்ளோ பெரிய ஆளை உக்கார வச்சிட்டா பாத்தியா டீச்சர். எம் பேச்சுக்கு ஊட்டுக்காரரு ஒரு நாளும் நின்னதில்ல. எனக்கும் ஒரு மணி கட்டிக் குடேன்."

மறுநாளும் கனகா பள்ளிக்கு வந்தாள்.

கடந்த ஞாயிறன்று தேவாலயக் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நான் பேசினேன். கனகா, இப்போது வளர்ந்த பெண், சக்கர நாற்காலியில், மடியில் மணியும் அட்டையுமாக, முன்வரிசையில் இருந்தாள். டீச்சரின் பணிகளை நான் முறைப்படி விவரித்துக்கொண்டிருந்தபோது மணி ஒலித்தது. நிறுத்தினேன். 'போதும்' என்பாள் என்று எண்ணி, இறங்கிச் சென்று அட்டையை நீட்டினேன். அவள் 'வலி' படத்தைப் பார்த்தாள்.

என் கையில் இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அதை மடித்துவிட்டு அவள் பக்கத்தில் அமர்ந்தேன். கூட்டமும் காத்திருந்தது. டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அதுதான்: மணி கேட்டவுடன் நின்றுவிடும் பழக்கம்.