அக்காவின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

நடந்தவை, வரிசையாக:

1. புளியறைச் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால், ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன டீசலில் அக்காவின் ஸ்கூட்டர் வழுக்கியது. வலது காறை எலும்பு முறிந்தது.
2. எலும்பின் மேல் உலோகத் தகடு வைத்துத் திருகினார்கள். துப்பாக்கிக் கட்டை பதிகிற இடத்துக்குச் சற்று மேலே அந்தத் தகடு இருக்கிறது.
3. எலும்பு கூடிவிட்டது, சுடலாம் என்றார் டாக்டர். வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார்.
4. அக்கா சுட்டுப் பார்த்தாள். வலித்தது. நிறுத்திவிட்டாள்.
5. துப்பாக்கியின் உதையைக் குறைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.
6. குறைத்தேன்.

ஆறோடு முடிந்திருக்க வேண்டியது.

அக்கா வாழ்க்கைப்பட்டது செங்கோட்டையைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம். நான் தென்காசியில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பம்ப் வரைபடங்கள் போட்டுக் கொடுக்கிறேன். அப்பா போலீஸில் இருந்தவர். அதனால் பெண் பிள்ளைகள் இருவரும் துப்பாக்கி சுடப் பழகியதை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசுதேவநல்லூர் போகும் வழியில், மலையைப் பார்த்த மேட்டு நிலத்தில் எங்கள் கிளப் இருக்கிறது. இயந்திரம் வீசுகிற களிமண் தட்டை அது பறக்கும்போதே சுட வேண்டும். சுடுகிறவர் இங்கிலீஷில் "புல்", அதாவது இழு, என்று குரல் கொடுத்ததும் இயந்திரக்காரர் பொத்தானை அமுக்குவார். அக்கா மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில், போடா என்கிற மாதிரி, "போலே" என்பாள். முதலில் இயந்திரக்காரர் தன்னைத்தான் விரட்டுகிறாள் என்று முகம் சுளித்தார். பிறகு பழகிவிட்டது.

இருவருக்கும் துப்பாக்கி ஒன்றுதான். உரிமம் அக்கா பெயரில். அதில் என் பெயரையும் சேர்த்திருக்கிறோம். அக்கா உயரம், கையும் நீளம். அவள் முறை வரும்போது மரக்கட்டைக்கும் அதன் முனையிலுள்ள ரப்பருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்துத் திருக வேண்டும். என் முறைக்கு அதைக் கழற்ற வேண்டும். நான் திருப்புளியோடு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "குட்டச்சி, சீக்கிரம் கழட்டுட்டி, இருட்டிரப் போகுது" என்பாள்.

சீசன் மாதங்களில் பயிற்சி முடிந்ததும் நேரே குற்றாலம் போய்விடுவோம். கன்றிப்போன வலது தோளை அருவிக்குக் கொடுத்துக்கொண்டு நிற்போம். குளித்து முடித்து, ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்போம்.

கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எனக்கு மிச்சமிருந்தாள். விழுந்த பிறகு அதுவும் போயிற்று. அந்த ஞாயிறுகள் எனக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர, நான் இந்த வேலையில் இறங்க வேறு காரணம் இல்லை.

குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வந்தே தீரும். ஒரே நொடியில் ஒரே இடத்தில் விழுகிற குத்தை, கொஞ்சம் நேரம் கூட்டி, கொஞ்சம் இடம் கூட்டி வாங்கிக்கொள்ளலாம். பழைய ரப்பரை எடுத்துவிட்டு, மெத்தென்ற அகலமான ரப்பர் போட்டேன். அதன் மேல் விளிம்பு தகட்டில் இடிக்காதபடி தேய்த்து வளைத்தேன். கட்டைக்கும் ரப்பருக்கும் நடுவே ஆப்பு மாதிரி மெல்லிய துண்டு ஒன்றைச் செருகியதில் கோணம் மாறி, உதை எலும்புக்குப் போகாமல் கீழே நெஞ்சுச் சதைக்குப் போனது. கனமான துப்பாக்கி மெதுவாக உதைக்கும். அதற்காகத் தென்காசி லேத் பட்டறை ஒன்றில் பித்தளைத் தண்டு கடைந்து வாங்கி, கட்டையின் உள்துளையில் இறுக்கினேன். தோட்டாவிலும் ஈயம் குறைவான ரகத்துக்கு மாறினேன். குழலில் கைவைக்கவில்லை, அது உரிமம் பெற்றவர்கள் செய்கிற வேலை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நானே சுட்டுப் பார்த்தேன். கடைசியில், யாரோ உள்ளங்கையால் தள்ளிய மாதிரிதான் இருந்தது.

சாரல் தொடங்கியதும் அக்கா வந்தாள். அத்தான் கொண்டுவந்து விட்டுவிட்டு, தென்காசியில் ஏதோ வேலை இருக்கிறது என்று போனார். நேரே கிளப்புக்குப் போகாமல் முதலில் ஐந்தருவிக்குப் போகலாம் என்றது அக்காதான். பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. அக்கா வலது தோளை மெல்ல நீருக்குள் நுழைத்தாள். அருவி முழு வீச்சில் விழுந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டு, வலிக்கவில்லை என்று கையாட்டினாள். இந்த அடியைத் தாங்குகிற தோள் எந்தத் துப்பாக்கியையும் தாங்கும் என்று இருவரும் முடிவுகட்டினோம்.

கிளப்பில் அக்கா துப்பாக்கியைத் தூக்கி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, "போலே" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டு இயந்திரக்காரர் சிரித்துவிட்டார். தட்டு முழுசாகப் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

வலிக்கிறதா என்று கேட்டேன். துளிகூட இல்லை என்றாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஆனால் இயந்திரக்காரர், குண்டெல்லாம் தட்டுக்குக் கீழே போகிறது என்றார்.

அப்போதுதான், சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு வெற்றுத் தோட்டாவைப் பையிலிருந்து எடுத்தேன். அதில் மருந்து கிடையாது, ஈயம் கிடையாது. விசையை அமுக்கினால் 'டிக்' என்பதோடு சரி. இந்த முறை தோட்டாவை நான் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, அக்கா பார்க்காதபடி அதைப் போட்டு மூடிக் கொடுத்தேன்.

"போலே."

டிக் என்றது. குழல் யாரோ கையால் அமுக்கியது போலக் கீழே இறங்கியது. அக்காவின் தோள் முன்னால் துள்ளியது. கண்கள் இறுக மூடியிருந்தன. தட்டு மலைப்பக்கமாகப் போய், ஈரப் புல்லில் உடையாமல் இறங்கியது.

அக்கா துப்பாக்கியைத் திறந்து, அந்தத் தோட்டாவை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இது உதைக்கவே இல்லையேட்டி."

"இல்லக்கா."

"அப்பம் உதைச்சது நான்தானா?"

அருவிக்கு அசையாத தோள் இங்கே ஏன் துள்ளுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அருவி விடாமல் விழுகிறது. அதற்குள் போய் நின்றுகொள்கிறோம். துப்பாக்கி விஷயம் அப்படி இல்லை. விசையில் விரல் வைத்ததும் அது எப்போது இடிக்கும் என்று உடம்பு காத்திருக்கிறது. புளியறை ரோட்டில் விழுந்த உடம்பு. ரப்பரை எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்கு எங்கே அளவு எடுப்பது என்று தெரியவில்லை.

அக்கா வெற்றுத் தோட்டாவை என்னிடம் நீட்டினாள். "இதையே போடு" என்றாள். அன்று மீதி நேரம் முழுக்க அதைத்தான் சுட்டாள். சாரல் வந்து வந்து போனது. ஒவ்வொரு "போலே"க்கும் குழல் இறங்கியது. போகப் போகக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. ஒரே ஒரு முறை, அசையாமல் நின்றது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதற்குள் வாசலில் அத்தானின் கார் வந்து நின்றது. இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும்.

வெற்றுத் தோட்டாவை அவள் பையில் போட்டுக்கொண்டு போனாள். துப்பாக்கி இல்லாமல் அதை வைத்து என்ன செய்வாய் என்று போனில் கேட்டேன். கையில் வைத்துக்கொண்டால் உதைக்காது என்பது ஞாபகம் இருக்குமாம். மொட்டைமாடியில் நீளக் குடையைத் தோளில் வைத்துப் பழகுகிறாளாம். "நான் போலே போலேன்னு கத்துதேன். யாரைப் போகச் சொல்லுதன்னு அத்தை கேக்காங்க" என்றாள்.

இப்போதைய நிலை இது. தகடு அக்காவின் தோளில்தான் இருக்கிறது. அக்கா இன்னும் வரவில்லை; மழை விட்டதும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். துப்பாக்கி எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் கிளப்புக்குப் போகிறேன். அவளுடைய பிளாஸ்டிக் துண்டை நான் கழற்றவில்லை. கட்டை எனக்கு நீளமாக இருக்கிறது, அக்குளில் தட்டுகிறது, நிறையத் தட்டுகளை விட்டுவிடுகிறேன்.