மடியில் ஒரு மெழுகுக் கட்டி

தென்னூர் ஆஸ்பத்திரியில் என் மனைவியின் பெருங்குடலிலிருந்து எடுத்த புற்றில் ஒரு துணுக்கை மெழுகில் பதித்துத் தந்தார்கள். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. நோய் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்மேல் ஏவிவிடும் மருந்து ஒன்று உண்டு. ஆனால் எல்லோருக்கும் கேட்காது. யாருக்குக் கேட்கும் என்பதற்குப் புற்றின் மரபணுவிலேயே அடையாளம் இருக்கிறதாம். அதைப் பார்க்கும் வெளியூர்ப் பரிசோதனைக் கூடத்தின் திருச்சிக் கிளையில் அந்த மெழுகை நான் ஒப்படைக்க வேண்டும்.

அன்று சனிக்கிழமை. மெழுகு கைக்கு வந்தபோது மணி இரண்டு பத்து. கிளையை இரண்டுக்கே பூட்டியிருந்தார்கள். திங்கள் காலை ஒன்பதுவரை நாற்பத்திரண்டு மணி ஐம்பது நிமிடம். சித்திரை வெயில் வேறு. ஈரக் கைக்குட்டையில் சுற்றி, சாப்பாடு கொண்டுபோயிருந்த எவர்சில்வர் டப்பாவைக் கழுவி அதற்குள் வைத்தேன்.

வீடு திரும்பும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"தயிர்சாதம்னு நெனச்சுத் தின்னுடாதீங்க," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி.

"வெளையாடாத. உருகிட்டா மறுபடி வெட்டணும்."

"நானே இந்த வெயில்ல உருகல. அது உருகிடுமாக்கும்."

காவிரிப் பாலத்தில் விளக்குக் கம்பங்களை எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பதில் தவறிவிட்டது. கீழே மணலும் நடுவில் ஒரு கோடு தண்ணீரும். என் தோளில் சாய்ந்து அவள் தூங்கினாள். மடியிலும் அவளே இருந்தாள். பாலம் முடியாமல் நீண்டுகொண்டே போனதுபோலவும், அப்படியே போகட்டும் என்று நான் விட்டுவிட்டதுபோலவும் இருந்தது.

டப்பாவை ஃப்ரிட்ஜில் தயிருக்கும் மல்லிகைப் பூவுக்கும் நடுவே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு முறை திறந்து பார்த்தேன். மதியம் கண்ணயர்ந்தபோது மெழுகு ஒரு வெள்ளை வீடாகியிருந்தது. உள்ளே அவள் யாருக்கோ காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். கதவு எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

திங்களன்று கிளையிலிருந்த பெண் சிரித்தாள். "வெறும் பையிலயே கொண்டாந்திருக்கலாமே ஐயா. வெயிலுக்கெல்லாம் இது உருகாதுங்க."

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. மரபணுவில் விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் நான்கைத் தேடியிருந்தார்கள். இரண்டு இருந்தன, இரண்டு இல்லை. நான்கில் இரண்டு போய்விட்டதே என்று தாளை டாக்டரிடம் நீட்டினேன்.

"இல்லாததுதான் நமக்கு நல்லதுங்க," என்றார் டாக்டர். "பிழை திருத்தப்படாம நெறைய சேர்ந்திருக்கும். அதனாலயே எதிர்ப்புச் சக்தி இதை வேத்தாளுன்னு கண்டுபிடிச்சுடும். மருந்து கேக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா உறுதி சொல்ல முடியாது."

"நூத்துக்கு எத்தன பேருக்குங்க கேக்கும்?"

அவர் வாய் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "நம்பர் மட்டும் குடுத்துடாதீங்க டாக்டர். உக்காந்து வகுத்துக்கிட்டே இருப்பாரு. நூறு பேருக்கு நான் எங்க போக? நான் ஒருத்திதான் இருக்கேன்."

நான்கு முறை மருந்து ஏறிய பிறகு எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் இருந்த கட்டிகள் சுருங்கியிருந்தன. எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.

மறுபடி தேவைப்படலாம் என்று மெழுகைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உருகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஃப்ரிட்ஜில்தான் வைத்திருக்கிறேன். பூ எடுக்கும்போது அவள் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, பிறகு பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறாள்.