இரண்டு தரம் இருமும் கார்

என் காரைக் கொம்பியூட்டர் விளையாட்டு ஒன்றில் கண்ட அன்று எனக்கு வந்த கோபம், முப்பது வருஷம் வாடகைக்கு ஹயர் ஓடிய காலத்தில் எந்த லொறிக்காரனிலும் வந்ததில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்லிய பாரிசவாதம் ஒன்று வந்து என் இடது கால் சொல்வழி கேளாமல் போனது. வாய்க்கு ஒரு குறைச்சலும் வரவில்லை. வந்திருந்தால் வீட்டில் கொஞ்சம் நிம்மதி இருந்திருக்கும் என்று மனைவி இப்போதும் சொல்வாள். இனிக் கிளச்சில் கால் வைக்கக்கூடாது என்று டொக்ரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரை நீர்வேலியில் உள்ள வாழைக்குலை வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. நீர்வேலியில் எனக்கென்ன அலுவல் என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். காரைக் கண்டால் ரோட்டில் நின்று அழுதுவிடுவேனோ என்ற பயம்தான் உண்மை.

பிறகு கொழும்புத்துறை வீட்டு வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்கள் கியர் மாற்றும் விதத்துக்கெல்லாம் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி அதை வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு முறைப்பாடு செய்தாள். மகள் ஒரு ஸ்ரியரிங்கும் மிதிகளும் வாங்கி அனுப்பினாள். கொம்பியூட்டரில் பூட்டினால், உலகத்தில் உள்ள எந்த வாகனத்தையும் வீட்டுக்குள் இருந்தபடியே ஓட்டலாம். கிளச் மிதிக்காமலே கியர் மாற்ற ஒரு வழியும் அதில் உண்டு. முதல் நாள் மூன்று மணித்தியாலம் இறங்காமல் ஓடினேன். மூன்று மணித்தியாலத்தில் ஒரு மாடுகூடக் குறுக்கே வரவில்லை.

"உந்தப் பொய்க்காரிலை இருந்து சாப்பாட்டையும் மறந்திட்டியள்," என்றாள் மனைவி.

"இஞ்சரும், இதிலை சறுக்கினால் உண்மையாச் சறுக்கும். வந்து இருந்து பாரும்," என்றேன். அவள் வரவில்லை.

இரண்டாம் கிழமைதான் 'பழைய வாகனங்கள்' என்ற பகுதியைத் திறந்தேன். விளையாட்டுத் தொடங்கிய காலத்தில் அவசரத்தில் செய்து போட்டவை எல்லாம் அங்கே கிடந்தன. ஒரு பஸ் இருந்தது, ஸ்ரியரிங் சுற்றும், றைவரின் கை சுற்றாது. ஒரு லொறியின் பின்சில்லு நிலத்தில் முட்டாமலே உருண்டது. அவற்றுக்குப் பக்கத்தில் நின்றது என் ஏ-ஃபோட்டி. யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் என்றால் ஒரு காலத்தில் அதுதான், இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த கொழுத்த கார். ஆசையாக ஏறினேன். கியர்த் தடி ஸ்ரியரிங்குக்குக் கீழே இருக்கவேண்டும், தரையில் முளைத்திருந்தது. திரும்பும்போது கதவுத் தூணில் இருந்து எழும்பவேண்டிய சின்னச் சிக்னல் கை இல்லை. மஞ்சள் லைற் மினுங்கியது. அதையும் பொறுக்கலாம். சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. தையல் மெஷின் ஓடுகிற சத்தம். எங்கள் வீட்டில் நான் ஹோண் அடித்ததே கிடையாது. போகும்போதும் வரும்போதும் இஞ்சின் சத்தம் கேட்டால் மனைவி செய்கிற வேலையை விட்டுவிட்டுப் போய்க் கேற்றைத் திறப்பாள். இந்தச் சத்தத்துக்கு எந்த வீட்டுக் கேற்றும் திறக்காது.

அந்தக் கிழமையே விளையாட்டைச் செய்கிறவர்கள் ஒரு கேள்வி போட்டார்கள்: பழைய வாகனங்களில் எதை முதலில் புதுப்பிக்கவேண்டும், எழுதுங்கள், இந்த வருஷம் ஒன்றைத்தான் எடுப்போம் என்று. நான் தமிழில் நான்கு பக்கம் எழுதினேன். நியாயமாகப் பார்த்தால் பஸ்ஸுக்குத்தான் முதலிடம் என்பதையும் ஒப்புக்கொண்டேன். ஆனால் பஸ்ஸை ஓட்ட ஆயிரம் பேர் இருப்பார்கள். நான் இனி ஓட்டக்கூடிய ஏ-ஃபோட்டி இது ஒன்றுதான் என்று எழுதினேன். அந்தச் சத்தத்தை வைத்தவனைக் கட்டிவைத்து உரிக்கவேண்டும் என்றும் எழுதினேன். மகள் ஆங்கிலத்தில் மாற்றியபோது உரிக்கிற இடத்தில் 'தயவுசெய்து கவனிக்கவும்' என்று போட்டுவிட்டாள்.

பதில் வந்தது. அந்தக் காரை எடுக்க அவர்களுக்கும் விருப்பம்தான், ஆனால் ஓடுகிற காரின் நல்ல ஒலிப்பதிவு கைவசம் இல்லை. மாத முடிவுக்குள் கிடைத்தால் ஏ-ஃபோட்டி, இல்லாவிட்டால் வேறொருவர் கேட்ட சிவப்பு நிற றேஸ் கார் என்றார்கள்.

"அப்ப நீர்வேலிக்குப் போகவேணும்," என்றாள் மனைவி. நான் இரண்டு நாள் கால் நோகிறது என்று சாட்டுச் சொன்னேன். மூன்றாம் நாள் அவளே ஓட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டாள்.

கார் வாழைத்தோட்டத்து ஒழுங்கையில் நின்றது. பின் சீற் முழுக்கக் குலைகள். வாய் திறக்கப் போனேன், மனைவி என் கையைக் கிள்ளினாள். வியாபாரி நல்ல மனுஷன். "அண்ணை, உங்கடை கார் தானே, நீங்களே ஸ்ராட் எடுங்கோ," என்று கதவைத் திறந்துவிட்டார். நான் ரோட்டில் நின்று அழவில்லை. சீற்றில் இருந்துதான் கொஞ்சம் அழுதேன். அது சந்தோஷத்தில் வந்த அழுகை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனைவி போனைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். டாஷ்போட் மூலையில் நான் வைத்திருந்த சின்ன மருந்துப் போத்தல் அப்படியே இருந்தது. வியாபாரி பிளக் துடைக்கிற பெற்றோலை அதில் வைத்திருந்தார். நான் இறங்கிப் பொனற்றைத் திறந்து, போத்தலில் இருந்து நாலு துளியைக் காபரேற்றரின் வாய்க்குள் விட்டு, திரும்பப் போய் ஏறி, ஸ்ராட் குமிழை இழுத்தேன். கார் வழக்கம்போல் இரண்டு தரம் பலமாக இருமிவிட்டுப் பிடித்தது.

"ஏன் அண்ணை மேலாலை ஊத்தினியள்?" என்றார் வியாபாரி. "ராங்க் நிறையப் பெற்றோல் கிடக்கு."

அப்போதுதான் எனக்கே விளங்கியது. போரால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராத வருஷங்களில் எங்கள் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. இஞ்சின் குளிர்ந்து கிடந்தால் மண்ணெண்ணெய் பற்றாது. நாலு துளி பெற்றோலை மேலால் விட்டால்தான் இஞ்சின் எழும்பும். அந்தக் காலம் முடிந்து எத்தனையோ வருஷம். நான் மட்டும் ஒவ்வொரு காலையும் நாலு துளி விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். தேவையில்லாமல் ஊற்றினால் கார் இருமாமல் என்ன செய்யும்? இவ்வளவு காலமும் அதை நான் காரின் குணம் என்று நினைத்திருந்தேன்.

ஓடுகிற சத்தத்துக்காக வியாபாரி ஓட்ட, நாங்கள் இருவரும் குலைகளுக்கு நடுவில் பின்னால் இருந்தோம். என் காரின் பின் சீற்றில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. ரோட்டில் சில்லு விழுந்த ஒவ்வொரு கிடங்குக்கும் என் தலை கூரையில் இடித்தது.

"இவ்வளவு காலமும் பின்னாலை இருந்த எங்கடை பாடு இப்ப தெரியுதோ?" என்றாள் மனைவி. அவள் சிரித்த சிரிப்பும் பதிவில் விழுந்துவிட்டது.

பதிவைக் கேட்டுவிட்டு அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: சிரிப்பை எடுத்துவிட்டோம், தொடக்கத்தில் வருகிற இருமலையும் வெட்டவா? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒழுங்கான றைவர் என்று பேரெடுத்தவன் பிழையாக ஸ்ராட் எடுத்ததை உலகம் கேட்கப்போகிறதே என்று கூச்சமாக இருந்தது. பொய் எழுதவும் மனமில்லை. 'அது காரின் கோளாறில்லை, என்னுடைய பழக்கம். ஆனாலும் வெட்டவேண்டாம்' என்று எழுதி, மகளிடம் ஒரு எழுத்தும் மாற்றாதே என்று சொன்னேன்.

அதன் பிறகு மாதக்கணக்கில் அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மனைவி மறந்துவிட்டாள். நானும் மறந்தது போல் நடந்துகொண்டேன்.

போன கிழமை ஒருநாள் காலை கொம்பியூட்டரைத் திறந்தபோது புதிய ஏ-ஃபோட்டி வந்திருந்தது. கியர்த் தடி தன் இடத்துக்குப் போயிருந்தது. சிக்னல் கை தூணில் இருந்து எழும்பி இறங்கியது. மனைவி குசினியில் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். முதலில் நானே பார்த்துவிடுகிறேன் என்று சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்துவிட்டு ஸ்ராட் கொடுத்தேன். கார் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது.

குசினியில் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் முற்றத்தால் போனது. கேற்றின் கொண்டி விழுந்தது, இரண்டு கதவும் கிரீச்சிட்டுக்கொண்டு விரிந்தன.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். திறந்த கேற்றைப் பிடித்தபடி மாக் கையோடு நின்று, வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யன்னலில் என் முகத்தைக் கண்டாள். அவள் சிரித்தாள். கேற்றை மூடவில்லை.

"திறந்திட்டன்," என்றாள். "எடுங்கோ."

நான் திரும்பி வந்து இருந்து முதல் கியரைப் போட்டேன்.