தோள்வலி என்று சொன்னேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோயால் என் மகளுக்கு ஒரு மார்பை எடுத்துவிட்டு, சதைக்கு அடியில் செயற்கை மார்பு வைத்தார்கள். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். கையைத் தூக்கினாலே இழுத்து வலிக்கும்.

மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்த மகன், "ஏம்மா, தங்கச்சி அழுதுகினு இருக்கு?" என்றான். மார்பு என்று சொல்லக் கூச்சப்பட்டு, "தோள்வலிப்பா" என்றேன். அவன் அழைத்துப்போன டாக்டரிடமும் அவளைப் பேசவிடாமல் அதையே சொன்னேன். ஆறு மாதம் தோளுக்கே வைத்தியம் நடந்தது.

கடைசியில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். மறுபடி அறுத்து, அதைச் சதைக்கு மேலே மாற்றி வைத்தார்கள்.

"வலி போச்சாடி?"

"போச்சும்மா. இனிமே வந்தா உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

இப்போது தினமும், "மாரு வலிக்குதாடி?" என்று நானே வாய்விட்டுக் கேட்கிறேன். "இல்லம்மா" என்கிறாள். நிஜமா என்று தெரியவில்லை.

சதைக்கு அடியிலா மேலா என்று நான் எழுதியதை விவரம் தெரிந்தவர் யாராவது சரிபார்த்துப் போடுங்கள்.