பட்டுச்சேலை மடியில் முட்டைத் தட்டு

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம் நடந்தது இது. வெண்ணந்தூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் சின்னதாக ஒரு கோழிப்பண்ணை வைத்திருந்தோம். முட்டைக்குக் குறைவில்லை. ஆனால் அதை எடுத்துப் போகும் தரகர் நினைத்தால் வருவார், நினைத்தால் வரமாட்டார். வந்தாலும் அவர் சொன்னதுதான் விலை. சொந்த வண்டி இருந்தால் நேராகச் சேலத்துக்கே கொண்டு போகலாமே என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசாத நாளில்லை.

எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் கோயிலில் பூ கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் நினைத்த வெள்ளையே வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வண்டி வாங்கலாமா என்று கேட்டோமே தவிர, எந்த வண்டி என்று சாமியிடம் கேட்கத் தோன்றவே இல்லை!

மறுநாள் திருச்செங்கோடு போன என் வீட்டுக்காரர் சாயங்காலம் ஒரு பழைய பிக்கப் வண்டியோடு வந்து இறங்கினார். இறங்கினார் என்பதைவிடக் குதித்தார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவு உயரம்! ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வைத்திருந்த ஒருவருடைய வண்டி அது. மேடு பள்ளமான காட்டுக்குள் இரும்புக் குழாய்களைக் கொண்டு போவதற்காக, கூடுதலாக ஸ்பிரிங் பட்டைகள் வைத்து, பெரிய டயர் மாட்டி, வண்டியையே தூக்கிக் கட்டியிருந்தார். நான் ஆரத்தி எடுத்தபோது தட்டைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்ற வேண்டியிருந்தது.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் சும்மா இருப்பாரா? "ஏனுங்க, வண்டி வாங்குனவரு அப்படியே ஒரு ஏணியுஞ் சேத்து வாங்கியாரலீங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் நேராக உள்ளே போய், சமையலறை முக்காலியைக் கொண்டு வந்து வண்டிக்குள் போட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விற்றவர் நேர்மையானவர்தான். "பாரம் இருந்தா அலுங்காமப் போகுமுங்க. காலியா ஓட்டுனா ஆளைத் தூக்கிப் போடுமுங்க" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். வண்டி நிறைய முட்டை ஏற்றப்போகிறோமே, அப்புறம் என்ன கவலை என்று இவர் நினைத்துவிட்டார். கேட்ட எனக்கும் அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு முட்டை வியாபாரியைப் பிடித்துப் பேசி முடித்தோம். "கேரளா லாரி பத்து மணிக்குக் கெளம்பிரும். அதுக்குள்ள சேதாரமில்லாம வந்துச்சுன்னா வாராவாரம் எடுத்துக்கறேன். மொத லோடே ஒழுகிட்டு வந்துச்சுன்னா அதோட விட்ருங்க" என்று அவர் கறாராகச் சொன்னார். சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் அன்றைக்கே தரகரிடம் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆக, முதல் லோடு உடையாமல் போய்ச் சேர்ந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு.

அந்த வார வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். பின்னால் முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன். தோட்டத்து மண் பாதையில் நான்கு பனைமரம்கூடத் தாண்டவில்லை, வண்டி குதிக்க ஆரம்பித்துவிட்டது. முட்டை வண்டியை நிறைக்குமே தவிர, அந்த இரும்புப் பட்டைகளை அழுத்துகிற பாரமா அது? ஒரு பள்ளத்தில் நானே எழும்பி விழுந்தேன். ஓரத் தட்டுகளிலிருந்து மஞ்சள் கரு வழிந்து வந்தது. கேபினை ஓங்கித் தட்டினேன்.

வண்டி நின்றது, மண் பாதை முடிகிற தார் ரோட்டுப் பஸ் நிறுத்தத்தில். அங்கே பட்டுச்சேலையும் பட்டு வேட்டியுமாக ஒரு கூட்டம் தவித்துக்கொண்டு நின்றது. கைத்தறி நெசவுக் குடும்பத்து ஆட்கள். சேலத்தில் குகை என்கிற பகுதியில் அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்த நாளானதால் எந்தப் பஸ்ஸும் நிற்காமல் போகிறதாம். அவர்களைப் பார்த்ததுமே எனக்கு "பாரம்" என்ற வார்த்தை பளிச்சென்று வந்தது.

"எல்லாரும் ஏறுங்க! குகையில எறக்கி உடறோம். ஆனா ஆளுக்கு நாலு தட்டு முட்டைய மடியில வெச்சுக்கோணும்!" என்று கத்தினேன்.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "கல்யாணத்துக்குப் போற நேரத்துல முட்டையா?" என்று ஒரு பெரியவர் இழுத்தார். கல்யாணப் பெண்ணின் பெரியம்மாவாம், அறுபது வயதிருக்கும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அம்மாள் முன்னால் வந்தார். "மண்டபத்துல தண்ணியில்லீங்களா? கையக் கழுவிக்கிட்டாப் போச்சு. அம்மிணி, அந்த முக்காலியப் போடு" என்றார். கேலிக்கு ஆளான முக்காலி அன்று எத்தனை பேரை ஏற்றியது!

எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் வண்டி அப்படியே அமர்ந்தது. அப்புறம் பாருங்கள், தொட்டில் ஆட்டுகிற மாதிரி போனது! ஜரிகைச் சேலை மடிகளில் முட்டைத் தட்டுகள். வேகத்தடை வந்தால் "ஏய், புடி, புடி!" என்று கூச்சல், உடனே சிரிப்பு. எதிரே வந்த பஸ்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பயமெல்லாம் பறந்து, நானும் சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டிருந்தேன்.

கொண்டலாம்பட்டியைத் தாண்டியதும்தான் மனம் கனத்தது. மண்டபம் வழியிலேயே வந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை அதற்கும் அப்பால். இவர்களை இறக்கிவிட்டால் மிச்ச தூரத்தில் முட்டை என்ன ஆகும்? ஆனால் முகூர்த்தத்துக்குப் போகிறவர்களிடம் எப்படிக் கேட்பது?

மண்டபம் வந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே நாதஸ்வரம். வண்டி மெதுவானது. அந்தப் பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார், மடியிலிருந்த தட்டுகளைப் பார்த்தார். அப்புறம் கேபினைத் தட்டி, "நிறுத்தாதீங்க தம்பி! நாங்க எறங்கிட்டா உங்க முட்டை ஒடைஞ்சு போயிரும். மூர்த்தம் பத்தரை வரைக்கும் இருக்குதுங்க. மொதல்ல இதக் கொண்டு போய்ச் சேத்துங்க" என்றார்.

ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. வாசலில் நின்றிருந்த சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்து பார்க்க, வண்டி மண்டபத்தைத் தாண்டியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடை வாசலில் கல்யாண வீட்டு ஆட்கள் வரிசையாக இறங்கி, சீர்த்தட்டு தூக்குவது போல முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டு வியாபாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மண் பாதையில் உடைந்தவற்றைத் தவிர அத்தனையும் முழுசு. "அடுத்த வெள்ளிக்கெழமையும் கொண்டாங்க" என்றார். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார்.

திரும்பி மண்டபத்துக்குப் பறந்தோம். கெட்டிமேளம் கொட்டுவதற்குச் சற்று முன்னால் உள்ளே நுழைந்தார்கள். பெரியம்மாவின் சேலைக் கரையில் மஞ்சள் கரு காய்ந்திருந்ததைப் பார்த்து நான் பதறினேன். "எங்க தறியில நெய்ததுதான் அம்மிணி. கறை போகலீன்னா இன்னொண்ணு நெய்துக்கறோம்" என்று சொல்லி, எங்களையும் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பந்தியில் உட்கார வைத்தார்.

அந்த ஸ்பிரிங் பட்டைகளை நாங்கள் கழற்றவே இல்லை. அடுத்த வாரம் முதல் அடியில் மணல் மூட்டைகளைப் போட்டு, மேலே முட்டையை ஏற்றினோம். போகும் வழியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் இடம் கொடுத்தோம். வண்டியை விற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றும் யாராவது உதவி கேட்டு, எனக்கே நேரமில்லையே என்று மனம் பின்வாங்கும்போது, தன் வீட்டுக் கல்யாணத்தைத் தாண்டி என் முட்டைக்காக வந்த அந்தப் பெரியம்மா கேபினைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும், நான் எழுந்துவிடுவேன்.