கோட்டைமேட்டு வளைகாப்பு

எங்கள் அத்தையின் வளைகாப்பு ஒரு பழைய கோட்டையின் வாசலில் நடந்தது. மண்டபம் கிடைக்காமல் அங்கே போகவில்லை. பொக்லைன் வருவதற்கு அது ஒன்றுதான் வழி என்பதால் போனோம்.

நூம்பலில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் கோட்டைமேடு இருந்தது. கோட்டை என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். வட்டமாக வளைந்து போகும் ஒரு மண்மதில், அதன் மேல் புல், வாசல் மாதிரி ஓர் இடைவெளி, பக்கத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை. அவ்வளவுதான். பிள்ளைகள் நாங்கள் அட்டையில் உட்கார்ந்து அதன் சரிவில் சறுக்குவோம். பள்ளியில் வரலாறு நடத்திய அத்தைக்கு மட்டும் அது உயிர். சீசர் காலத்தில் கோல் என்ற பழங்குடி மக்கள் பிரான்சில் கட்டிய மலைக்கோட்டையைக் கைப்பேசியில் காட்டி, அங்கே எப்படிப் பொத்திப் பாதுகாக்கிறார்கள் தெரியுமா என்பாள். நானும் பார்த்தேன். அங்கேயும் புல்தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதிலின் மேல் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பக்கத்து மனைகளை உயர்த்த மண் வேண்டுமாம். விடுமுறையில் கேட்க ஆள் இருக்காது என்ற கணக்கு. அத்தை துறை அதிகாரியைப் போனில் பிடித்துவிட்டாள். அவர் சொந்த ஊரில் இருந்தார். விஜயதசமியன்று மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றார். பொக்லைன் அன்று காலையே வரும் என்று எங்கள் வாட்ச்மேன் சொன்னார்.

அத்தை அம்மாவிடம் வந்து, தன் வளைகாப்பை விஜயதசமி காலையில் கோட்டை வாசலில் வைத்துவிடலாம் என்றாள். அப்பா திகைத்தார். புரட்டாசியில் யாராவது வளைகாப்பு வைப்பார்களா என்று கேட்டார்கள் உறவினர்கள். அம்மா பல்லியைக் கண்டாலே நாற்காலியில் ஏறுகிறவள். அவள் தடுப்பாள் என்று எல்லோரும் காத்திருக்க, அவளோ புளியை எடுத்து ஊறப்போட்டாள்.

விஜயதசமி காலையில் ஃபிளாட் பெண்கள் மொத்தமும் பட்டுப்புடவையில் கிளம்பினார்கள். பூந்தமல்லியில் வளையல் கடை வைத்திருந்த எதிர்வீட்டு பாயம்மா ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி வளையல் கொண்டுவந்தார். இடைவெளிக்கு நடுவில் நாற்காலி போட்டு அத்தையை உட்கார வைத்தோம்.

பொக்லைன் வந்தது. முந்தின நாள் பூஜையின் சந்தனமும் வாழைக்கன்றும் அதில் அப்படியே இருந்தன. அதுவும் விசேஷத்துக்கு வந்த மாதிரிதான் தெரிந்தது. டிரைவர் இறங்கி வந்தார்.

"இன்னாக்கா, வண்டி போற வழில குந்திக்கினு கீறீங்க?"

"வளைகாப்புண்ணா. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்றாள் அத்தை.

அவர் அத்தையின் வயிற்றைப் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். பின்னால் காரில் வந்த ஒப்பந்தக்காரர் கத்தினார், வண்டியை எடுக்கச் சொன்னார். டிரைவர் புளிசாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"புள்ளத்தாச்சி மேல வுட சொல்றியா? நீயே ஏறி ஓட்டிக்க சார்."

ஒப்பந்தக்காரர் கதவைத் திறந்து ஏறியே விட்டார். எஞ்சின் உறுமியது. அத்தை எழுந்திருக்கவில்லை, அம்மா போய் அவள் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் பாயம்மா, அப்புறம் எல்லாப் பட்டுப்புடவைகளும். அவர் உறுமலோடு நிறுத்திக்கொண்டார். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி பயணக் களைப்போடு இறங்கி ஒப்பந்தக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தார். பொக்லைன் வாழைக்கன்றை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனது. பிறகு அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, பாதுகாக்கப்பட்ட இடத்தில் விசேஷம் நடத்துவதும் குற்றம்தான் என்று பலகையைக் காட்டினார். காட்டிய கைக்கு யாரோ எலுமிச்சை சாதத் தட்டைக் கொடுத்தார்கள்.

நாங்கள் மதில் முழுக்க ஓடிக் கூச்சல் போட்டோம். ஒரு பிடி மண் போகவில்லை. மூச்சிரைக்க நான் இறங்கி வந்தபோது, கொண்டாட வேண்டிய அத்தை வயிற்றில் கைவைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் பக்கத்தில் குனிந்து, தாழ்ந்த குரலில், "அசையுதா?" என்று கேட்டாள்.

கோட்டையைப் பற்றி இவ்வளவு சந்தேகமா என்று எனக்குக் கோபம் வந்தது. காலால் தரையை ஓங்கி மிதித்துக் காட்டி, "கொஞ்சம்கூட அசையலம்மா!" என்றேன். இருவரும் ஏன் அப்படிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.